கோலின் ஞாயிற்றுக்கிழமைகள்

எரிக் டெம்பிள் பெல் 1951இல் வெளியிட்ட 'கணிதம்: அறிவியலின் அரசியும் பணியாளும்' நூலில் ஒரு காட்சி வரும். 1903 அக்டோபர், அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போய் 2இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, ஒன்றைக் கழிக்கிறார்: 147,573,952,589,676,412,927. பலகையின் இன்னொரு பக்கத்தில் 193,707,721ஐயும் 761,838,257,287ஐயும் பெருக்குகிறார். அதே எண். ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துகொள்கிறார். கைதட்டல். இதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று பின்னாளில் பெல் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

ரொம்ப வருடம் எனக்குப் பிடித்த கதை. ஒரு ரிலீஸுக்கு முன்னால் டீமில் ஒரு பையன் "ஞாயித்துக்கிழமையும் வரணுமாண்ணா?" என்று கேட்டபோது இதைத்தான் அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டான். "சரிண்ணா, மூணு வருஷமா அவர் என்னதான் பண்ணாரு?"

என்னிடம் பதில் இல்லை. பெல் காட்டும் காட்சியிலும் இல்லை.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த எண்ணின் வகுத்தி எதுவானாலும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இவை கோலுக்கு முன்பே தெரிந்த சங்கதிகள். இப்படி வடிகட்டியும் 193,707,721ஐ எட்டுவதற்குள் ஏழு லட்சத்துக்கு மேல் எண்கள் மிஞ்சுகின்றன. மூன்று வருடத்துக்கு 156 ஞாயிறு. ஒரு ஞாயிறுக்கு 4,600 வகுத்தல், அதுவும் 21 இலக்க எண்ணை, கையால். 3, 5, 7ஆல் வகுபடுவதையெல்லாம் தூக்கினாலும் 2,000க்குக் குறையாது. (என் லேப்டாப்புக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

ஆக, மனிதர் உட்கார்ந்து வகுத்துக்கொண்டே இருக்கவில்லை. கழகத்தின் இதழில் அவரே எழுதிய கட்டுரை இருக்கிறது. ஏதோ ஒரு வர்க்க எண்ணை இந்த ராட்சச எண்ணால் வகுக்கும்போது சின்ன மீதி கிடைத்தால், வகுத்தியாக இருக்கக்கூடிய எண்களில் ஏறக்குறைய பாதி அடிபட்டுப்போகும். இன்னொரு மீதி கிடைத்தால், மிச்சத்திலும் பாதி. அந்த மீதிகளைத் தேடிப் பிடிப்பதில்தான் மூளை வேலை. தவிர, 1644இல் மெர்சென் பகா எண் என்று பட்டியல் போட்ட இது பகா எண் இல்லை என்று 1876லேயே லூகா நிறுவிவிட்டார், ஒரு வகுத்திகூடத் தெரியாமல்! கைதட்டலைவிட எனக்கு இப்போது இதுதான் பெரிய ஆச்சரியம். ஆனால் மேடையில் நடித்துக் காட்ட முடியாத ஆச்சரியம்.

பெல்லின் பலவீனம் இதுதான் என்று தோன்றுகிறது. கால்வா சாவதற்கு முந்தைய இரவில் தன் கணிதத்தையெல்லாம் எழுதித் தள்ளினார் என்று நம்மை நம்பவைத்ததும் இவர்தான். உண்மையில் பெரும்பகுதி முன்பே எழுதப்பட்டிருந்தது. அங்கே ஒரு ராத்திரி, இங்கே மூன்று வருடம். இரண்டிலும் சிந்தனை இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம் இருக்கிறது. மேனேஜர்களுக்கு இந்தக் கதை பிடிப்பதில் வியப்பில்லை. எனக்கும் பிடித்திருந்ததே.

கோலின் கட்டுரையைப் பையனுக்கு அனுப்பினேன். நாலே பக்கம். "திங்கக்கிழமை ஆபீஸ்ல படிக்கிறேண்ணா" என்று பதில் வந்தது.