பொன்னை மட்டும் எண்ணும் வரலாறு

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு வட்டாரத்தில் இப்போது மரபுப் பேச்சுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் யவனர் வணிகத்துக்குத் தனி மவுசு. பண்டைய புவியியலாளர் தாலமி குறித்த மாலியார்ஃபாதான் நம் மயிலாப்பூர் என்று தொடங்கும் பேச்சு, முசிறிக்குப் போய், அரிக்கமேட்டைத் தொட்டு, தவறாமல் ரோமானிய எழுத்தாளர் பிளினியிடம் வந்து சேரும். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சுகிறது என்று அவர் எழுதியது திரையில் விழுந்ததும் அரங்கம் கைதட்டும். ரோமாபுரியின் கஜானாவைக் காலி செய்தது நம் மிளகு என்று சொல்லிப் பேச்சாளர் உட்காருவார்.

இப்பேச்சுகளால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியோடு முடிந்துபோன ஒரு காலத்தை நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைவரை கொண்டுவந்திருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரிக்கமேடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. நல்ல காரியம்தான்.

ஆனால் அந்த 5 கோடி எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. பிளினி கணக்கெழுத உட்கார்ந்தவர் அல்லர். தம் நாட்டாரின் ஆடம்பரத்தைக் கண்டிக்க வந்தவர். இன்னோர் இடத்தில் இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்குமாகச் சேர்த்து 10 கோடி என்கிறார். முதலாவது முழு இந்தியாவையும், இரண்டாவது அதற்கு அப்பாலும் பற்றியது. தமிழகத்துக்கென்று அவர் தனிக் கணக்குத் தரவில்லை. அவருடைய மனக்குறையை எடுத்து நாம் நற்சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

இதே பிளினி விலைப்பட்டியலும் தருகிறார். ஒரு ராத்தல் திப்பிலி 15 டினாரியஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4. இந்த வரியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. கருமிளகைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கொடுத்துத் திப்பிலி வாங்கியவன் யார்? அவன் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு? பிளினியின் காலத்தவரான மருத்துவர் டயஸ்கோரிடீஸ், செரிமானத்துக்கும் இருமலுக்கும் முறைக்காய்ச்சலின் குளிர்நடுக்கத்துக்கும் மிளகைப் பரிந்துரைக்கிறார். பேரரசர் டொமீஷியன் காலத்தில் ரோமாபுரியின் நடுவே மிளகுக்கென்றே ஒரு கிடங்கு எழுந்தது. கி.பி. 192-இல் அந்தப் பகுதியை அழித்த தீயில், புனித வீதியோரக் கிடங்கொன்றில் மருத்துவர் காலென் சேர்த்து வைத்திருந்த மருந்துகளும் நூல்களும் கருவிகளும் சாம்பலாயின. பிரிட்டனின் வட எல்லையில் விண்டோலாண்டா கோட்டைச் சிப்பாய் ஒருவன் 2 டினாரியஸுக்கு மிளகு வாங்கிய கணக்கு மரச்சீவலில் எழுதிக் கிடைத்திருக்கிறது. அவன் பெயர் காம்பக்ஸ். செல்வச் சீமான்களின் வீண்செலவு என்று பிளினி புலம்பிய சரக்கு, எல்லைக் காவலில் குளிரில் நின்றவன் கைக்கும் போயிருக்கிறது.

கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் பொட்டலம் கட்டி வாங்கும் ஊர்க்காரர்கள் நாம். சரக்கோடு அதைப் பயன்படுத்தும் பக்குவமும் கப்பலேறியதா என்ற கேள்வி மற்ற யாரையும்விட நமக்கல்லவா முதலில் எழ வேண்டும்? எழவில்லை. ஏனென்றால் நாம் எண்ணிக்கொண்டிருப்பது பொன்னை.

வழிபாட்டிலும் இதே கதைதான். செங்கடல் துறையான பெரனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. மேடையில் எடை மட்டும் சொல்லப்படும். கோயிலுக்குள் அது ஏன் இருந்தது, காணிக்கையா, சடங்குக்கா, பாதுகாப்பான களஞ்சியம் என்றா? அதே ஊரின் ஐசிஸ் கோயிலில் 2022-இல் ஒரு புத்தர் சிலை வெளிப்பட்டது. அன்னியத் துறைமுகத்தில் ஒருவன் தன் தெய்வத்தைப் பிறர் தெய்வத்தின் வாசலில் வைக்க முடிந்திருக்கிறது. இதைவிடப் பெரிய செய்தி என்ன வேண்டும்?

1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த உருளைக்கோட்டுத் தட்டுகளை மேற்கிலிருந்து வந்தவை என்றார். பிற்பாடு மண்ணைச் சோதித்தபோது அவை இந்த நாட்டு மண்ணே என்று தெரிந்தது. நம் பேச்சாளர்கள் வீலரைக் கண்டிக்கிறார்கள், கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் நாகரிகம் அங்கிருந்து வந்தது என்று அவர் சொன்ன இடத்தில், தங்கம் அங்கிருந்து வந்தது என்று இவர்கள் சொல்கிறார்கள். இரண்டிலும் நம் ஊரை அளக்கும் கோல் ரோமாபுரியில்தான் இருக்கிறது. அந்தத் தட்டை வனைந்த குயவரும் அதில் உண்டவரும் இரண்டிலும் இல்லை. இதை வரலாறு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

பொன்னையாவது உற்றுப் பார்க்கிறோமா என்றால், அதுவும் இல்லை. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு குடத்திலிருந்து 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. எண்ணிக்கை எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. கன்னத்தைப் பிளந்துகொண்டு போகும் வெட்டு. தற்செயலான கீறல் இல்லை. நாணயமாக இனிச் செல்லாது என்று அறிவித்த வெட்டா, அயலான் உருவம் தம் மண்ணில் வேண்டாம் என்ற அரசாணையா, உள்ளும் பொன்தானா என்று பார்த்த தட்டானின் சோதனையா? அறிஞர்களிடையே விவாதம் இன்னும் முடியவில்லை. ரோமாபுரியை நம்மவர் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு அவர்கள் கையாலேயே எழுதி வைத்த சாட்சி அது.

இதையெல்லாம் சொன்னால் கூட்டம் வராது, பெருமை சொன்னால்தான் வரும் என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். மார்கழி மாதம் இதே தெருக்களில், ஒரே வரியை எடுத்து முக்கால் மணி நேரம் பாடும் பல்லவிக்கு மூச்சடக்கி உட்காரும் சபை இது. இவர்களுக்கு உளிவெட்டின் கதையைக் கேட்கப் பொறுமை இருக்காது என்று யார் முடிவு செய்தது? கூட்டத்தின் மேல் போடும் பழி இது. வராதது பேச்சாளரின் உழைப்பு.