ஆர்ப்பும் இசையும்: கொல்லி நிலப் பாடல்கள் காட்டும் வெற்றியின் பொருள்

ஆய்வுச்சுருக்கம்

வெற்றி என்பது பிறரை வீழ்த்துதலா, தன் செயலில் சிறத்தலா என்னும் வினா தமிழ்ப் புறத்திணை மரபிலேயே எழுந்துள்ளது. சேலம், நாமக்கல் சமவெளியையும் அதனை ஒட்டி உயர்ந்து நிற்கும் கொல்லிமலையையும் சுட்டும் சங்கப் பாடல்கள், வென்றவன் எழுப்பும் ஆர்ப்பையும் கொடுத்தவன் நிறுத்தும் இசையையும் வேறுபடுத்திக் காண்கின்றன. ஓரி, எழினி ஆகியோர் பற்றிய பாடல்களின் வழி இவ்வேறுபாட்டை நிறுவி, சமயம், அரசியல் பண்பாடு, வாணிகம் ஆகிய தளங்களில் அது எவ்வாறு தொடர்கிறது, எங்கே முறிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

வாகைத்திணை, வல்வில் ஓரி, மலையமான் திருமுடிக்காரி, தகடூர், அரிசில்கிழார், வாணிக வாகை, நாமக்கல்.

முன்னுரை

கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 ஆகிய நாள்களில் அவன் பெயரால் அரசு விழா நடைபெறுகிறது. விழா எடுக்கப்படும் இம்மன்னன் தன் இறுதிப் போரில் வென்றவன் அல்லன். மலையமான் திருமுடிக்காரியின் கையில் மாண்டவன். அவன் ஆண்ட மலை சேரர்க்குக் கைமாறியது. தோற்றவன் ஒருவன் அம்மண்ணின் பெருமைக்குரிய அடையாளமாக நிலைபெற்றது எவ்வாறு? விழா அண்மைக் காலத்தது. ஆனால் ஓரியைப் போற்றும் மனநிலை சங்கப் பாடல்களிலேயே உருக்கொண்டுவிட்டது. அம்மனநிலையை விளங்கிக்கொள்ள, வெற்றி குறித்த இலக்கண வரையறையிலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

வாகை: வரையறையின் விரிவு

தொல்காப்பியப் புறத்திணையியல் வாகையைப் பாலையின் புறனாக வைக்கிறது. குற்றமற்ற கோட்பாட்டோடு அவரவர் தமக்குரிய கூறுபாட்டைப் பிறரினின்று வேறுபட மிகுவித்தலே வாகை என்பது அதன் கருத்து. இவ்வரையறையில் பகைவன் இன்றியமையாதவனாக இல்லை. அந்தணர், அரசர், ஏனோர், அறிவர், தாபதர், பொருநர் எனப் பலரும் வாகைக்கு உரியர் ஆகின்றனர். வாகைக்குக் கூறப்படும் பதினெட்டுத் துறைகளும் ஒன்பது ஒன்பதாக இருபாற்படுகின்றன. போர்க்களத்தைச் சார்ந்த துறைகள் ஒரு பாதி. சான்றோர் அவையம், கொடை, பிழை செய்தாரைப் பொறுத்துக் காத்தல், அருளால் துறத்தல், காமம் நீத்தல் போன்றவற்றைத் தன்னுள் கொண்டது மறு பாதி.

வாகைக்கும் பாலைக்கும் உள்ள உறவும் இங்குக் கருதத்தக்கது. பாலை பிரிவின் திணை. பொருள் தேடியும் போர் கருதியும் கல்வி நாடியும் மனையைப் பிரிவோர் அதன் மாந்தர். வெற்றியைப் பாலையோடு இணைத்த இலக்கணம், ஒவ்வொரு வெற்றிக்கும் பின்னால் விட்டுவந்த ஒன்று உண்டு என்பதை உணர்ந்திருந்தது எனலாம். கொல்லிப் போரைக் குறிக்கும் ஒரு முதன்மையான பாடல் பாலைத்திணையிலேயே அமைந்திருப்பது இவ்வுறவை மேலும் தெளிவாக்குகிறது.

ஓரியும் காரியும்: ஆர்ப்பும் இசையும்

அகநானூற்று 209ஆம் பாடலைப் பாடியவர் கல்லாடனார். பொருள்வயிற் பிரிந்த தலைவனை எண்ணி வருந்தும் தலைவியைத் தோழி ஆற்றுவிக்கிறாள். இப்பாடலில் இரண்டு போர்கள் உவமையின் வழி நுழைகின்றன. முதலாவது தலையாலங்கானப் போர். எழுவரை ஒருங்கே வென்ற செழியனின் களத்தில் எழுந்த ஆர்ப்பினும் ஊரார் தூற்றும் அலர் பெரிது என்று கூறப்படுகிறது. தமிழ் வரலாற்றின் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்று இங்கு வம்புப் பேச்சின் ஒலியை அளக்கும் கருவியாகிறது. அந்த அளவையிலும் அது குறைந்துபோகிறது.

இரண்டாவது கொல்லிப் போர். முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான் என்பது செய்தி. ஆனால் அழியாத நற்புகழை நிலைநிறுத்தியவன் என்னும் அடை கொன்றவனுக்கு வழங்கப்படவில்லை. கொல்லப்பட்ட ஓரிக்கே அது உரியதாகிறது. சாவைக் கூறும் அதே தொடர் சாவாத இசையையும் கூறுகிறது. ஆர்ப்பு அலரோடு ஒப்பிடப்பட்டுக் கரைய, இசை தோற்றவனிடம் தங்குகிறது. ஒரே பாடலுக்குள் இவ்விரு ஒலிகளும் எதிரெதிராக நிற்பதை வெறும் உவமை அணியாகக் கொண்டு கடந்துவிட இயலாது.

நற்றிணை 320ஆம் பாடல் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. கபிலர் பாடிய இம்மருதப்பாட்டில், தழையாடை உடுத்த பரத்தை ஒருத்தி தெருவில் நடக்க, ஊர் கல்லென்று ஒலிக்கிறது. மகளிர் தம் கணவரைக் காத்துக்கொள்கின்றனர். ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஒலி இதற்கு உவமையாகிறது. வெற்றி உலா, கண்டோர் அஞ்சித் தம் உடைமையைக் காத்துக்கொள்ளும் நிகழ்வாகச் சித்திரிக்கப்படுகிறது. பழமையான விறல் என்னும் சிறப்பு இங்கும் ஓரிக்கே தரப்படுகிறது. விறல் என்னும் சொல்லுக்கு வெற்றி என்பதும் பொருள். காரியின் கொடையைப் புறநானூற்றில் மனமாரப் புகழ்ந்த கபிலரே இவ்வாறு பாடியிருப்பது கருதத்தக்கது. புரவலனின் கொடையைப் பாடிய நா அவனது போர் வெற்றியின் ஓசைக்குக் கட்டுப்படவில்லை.

ஓரியைப் பற்றிய புறப்பாடல்கள் இந்த இசையின் மூலத்தைக் காட்டுகின்றன. வன்பரணரின் புறநானூற்று 152ஆம் பாடலில் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என அடுத்தடுத்து ஊடுருவிச் செல்கிறது. வேட்டுவன் எனக் கருதப்பட்டவனைப் பாணர் புகழ்ந்து பாடும்போது அவன் நாணுகிறான். ஊனும் பொன்னும் ஈகிறான். வில்லாற்றலை இவ்வளவு விரித்த பாடல் வாகையில் அமையாமல் பாடாண் திணையில் அமைந்துள்ளது. அம்பின் பாய்ச்சல் கொடையில் சென்று நிற்கிறது. புகழ் கேட்டு நாணும் அந்த ஒரு கணத்தில் ஆர்ப்பை விரும்பாத வீரன் ஒருவன் வெளிப்படுகிறான்.

சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது காரியையும் ஓரியையும் ஒரே நிரலில் வைக்கிறது. இருவரும் தத்தம் குதிரையோடு பொருதமையும் அங்கே குறிக்கப்படுகிறது. வென்றவனும் தோற்றவனும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமைக்குக் காரணம், பட்டியலின் அளவுகோல் கொடையாக இருந்தமையே. போர் அவர்களைப் பிரித்தது. கொடை அவர்களை ஒரு நிரையில் நிறுத்தியது.

தகடூர்: ஒரு புலவர், இரு தரப்பு

கொல்லிக்கு வடக்கே, இன்றைய தருமபுரியாகிய தகடூரில் நிகழ்ந்த போர் இவ்வாய்வுக்கு மற்றொரு சான்று. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடியவர் அரிசில்கிழார். அதற்குப் பரிசிலாக ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசுக்கட்டிலையும் அரசன் அளித்தான் என்றும், புலவர் ஆட்சியைத் திருப்பி அளித்து அமைச்சுரிமையை மட்டும் ஏற்றார் என்றும் பதிகம் கூறுகிறது.

அதே போரில் வீழ்ந்த எழினிக்காகக் கையறுநிலை பாடியவரும் அரிசில்கிழாரே (புறநானூறு 230). அப்பாடலில் எழினியின் சிறப்பு அவன் நாட்டின் அச்சமின்மையால் விளக்கப்படுகிறது. கன்றோடு கூடிய ஆனிரை காட்டிலேயே தங்கின. வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் இளைப்பாறினர். களத்து நெற்குவியல் காவலின்றிக் கிடந்தது. அத்தகையவனைக் கொண்ட கூற்றம், வறுமையுற்று விதைநெல்லை உண்டுவிட்ட உழவனுக்கு ஒப்பாகிறது. கேட்டைத் தனக்கே தேடிக்கொண்ட அறிவின்மையாக அச்சாவு மதிப்பிடப்படுகிறது.

இங்கு ஒரு மறுப்புக்கு இடமுண்டு. எழினி வாழ்ந்திருந்தால் அவன் கொல்லும் பகைவர் உயிர்களால் கூற்றம் நிறைவு பெற்றிருக்கும் என்றே அப்பாடல் முடிகிறது. பதிற்றுப்பத்தும் பகைப்புலத்தின் அழிவை விரித்துப் பாடுகிறது. எனவே சங்கப் புலவர் போரை மறுத்தனர் என முடிவு கட்டுதல் சான்றுக்குப் பொருந்தாது. அவர்கள் மறுத்தது வேறொன்று: வென்றவனுக்கு மட்டுமே நினைவு உரியது என்னும் கருத்தை. வென்றவனிடம் பரிசில் பெற்ற புலவர் தோற்றவனுக்காக அழும் உரிமையை இழக்கவில்லை. விதைநெல் உவமை வெற்றிக்கு ஒரு கணக்கையும் வகுக்கிறது. நாளைய விளைச்சலை அழித்துப் பெறும் இன்றைய நிறைவு இழப்பே ஆகும்.

சமயம்: கருவறையும் பக்கச் சுவரும்

தகடூரை இழந்த அதியர் மரபு பெயரளவிலேனும் நாமக்கல் பாறையில் மீண்டும் தோன்றுகிறது. குன்றின் கிழக்கிலும் மேற்கிலும் அமைந்த இரு குடைவரைகள் கி.பி. 8ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டு அதனை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்றும், எடுப்பித்தவன் குணசீலன் என்றும் குறிக்கிறது.

நரசிம்மர் குடைவரையின் அமைப்பு வெற்றி குறித்த ஒரு கருத்தைக் கல்லில் வைத்துள்ளது. இரணியனின் உடல் கிழிக்கப்படும் காட்சி பக்கச் சுவரில் உள்ளது. கருவறையில் இருப்பது அமர்ந்த திருக்கோலம். வழிபாட்டின் நடுவில் வைக்கப்பட்டது கொலையின் கணமாகாமல், சீற்றம் அடங்கிய இருப்பாக உள்ளது. மற்றொரு புடைப்பில் உலகளந்த திருமால் காட்சியளிக்கிறார். அக்கதையில் உலகை இழந்தவன் மாவலி. கேட்டதைக் கொடுத்தவனும் அவனே. கொடுத்ததனாலேயே தோற்ற மாவலியும், கொடையால் தோல்வியைக் கடந்த ஓரியும் நெருங்கிய உறவினர்.

உப்புக்கு நடந்த படை

மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்துக்காக ஒரு நடைப்பாட்டு எழுதினார். சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராசாசியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்குச் சென்ற தொண்டர் அதனைப் பாடி நடந்தனர். ஆயுதமும் குருதியும் இல்லாத போருக்கு அழைக்கும் அப்பாடல் போர்ச்சொற்களைக் கைவிடவில்லை. போரின் பொருளை மாற்றியது. பகைவனைக் கொல்லாமலும் அவன்பால் பகைமை கொள்ளாமலும் பெறும் வெற்றி, வாகையின் இரண்டாம் பாதியைச் சார்ந்தது. தொண்டர் அடிபட்டுச் சிறை சென்றனர். அன்றைய கணக்கில் அது தோல்வி. எனினும் நிலைத்தது அவர்களின் நடை. நெஞ்சுறுதியால் துன்பம் ஏற்றவரிடம் இசை தங்கும் என்னும் பழைய முறை இங்கு மக்கள் இயக்கத்தின் மொழியானது.

வாணிக வாகையும் இன்றைய சமவெளியும்

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை வாணிக வாகை என ஒரு துறையைத் தனியே வகுக்கிறது. வணிகனின் சிறப்பு அங்குப் போட்டியாளரை ஒழித்தலாகக் கூறப்படவில்லை. தீத்தொழில் நீங்கி, வாணிகத்தோடு உழவு, நிரையோம்பல், ஓதல், வேட்டல், ஈதல் ஆகியவற்றையும் செய்தலே அவன் வாகை. ஈட்டல் ஆறில் ஒரு பகுதியாக அடங்குகிறது. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராசாசி தொடங்கிய காந்தி ஆசிரமம், வறட்சி வாட்டிய சிற்றூர்களுக்கு நூற்பின் வழி கூலி அளித்தது. ஈட்டலையும் ஈதலையும் பிரிக்காத இத்துறைக்கு அது அண்மைக் காலத்து உரை போன்றது.

இன்று நாமக்கல் முட்டையும், சங்ககிரி லாரியும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டியும் இச்சமவெளியின் தொழில் முகங்கள். மழை குறைந்த மேட்டுநிலத்து உழவர் குடும்பங்கள் பல இத்தொழில்களுக்குப் பெயர்ந்தன. நெடுந்தொலைவு செல்லும் வண்டிகளின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரோடு ‘துணை’ என எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. தொழிலில் உயர்ந்தவர் அவ்வுயர்வைத் தம் ஆர்ப்பாக அறிவிக்காமல், துணை நின்ற ஒன்றின் பெயரால் குறிக்கின்றனர். பாலை கடந்து பொருள் தேடிய பழைய பிரிவின் சாயலும் இவ்வண்டிகளில் உண்டு.

இதற்கு நேர்மாறான போக்கைக் கல்வித் துறையில் காணலாம். நாமக்கல் வட்டாரத்தின் உறைவிடப் பள்ளிகள் தேர்வுத் தரவரிசையால் தமிழகமெங்கும் பெயர் பெற்றன. முதலிடம் பெற்றவரின் படம் தாங்கிய விளம்பரம் ஆர்ப்பின் இக்கால வடிவம். ஒருவர் முதலாவதாக, ஏனையோர் அனைவரும் பின்தங்கியோர் ஆகும் இவ்வெற்றிக்குத் தோற்றவர் இன்றியமையாதவர். 2017இல் பொதுத்தேர்வுகளில் மாநிலத் தரவரிசை அறிவிக்கும் முறையைத் தமிழக அரசு கைவிட்டது. மாணவரிடையே எழும் மன அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கில் எடுக்கப்பட்ட அம்முடிவை, வெற்றியின் வரையறையை ஆர்ப்பிலிருந்து மீட்கும் முயற்சியாகவும் படிக்கலாம். அறிவன் வாகைக்குத் தரவரிசை தேவைப்பட்டதில்லை.

வரையறையின் எல்லை

வாகையின் இலக்கணத்தைக் குறையற்றதாகக் கொள்வதும் பிழையாகும். அவரவர்க்குரிய கூறு என அது வகுப்பது பெரும்பாலும் பிறப்பின் வழிப்பட்டது. அந்தணர்க்கும் அரசர்க்கும் வணிகர்க்கும் வாகை உண்டு. தாழ்த்தப்பட்ட பண்ணை உழைப்பாளர்க்குத் தனி வாகை இல்லை. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இவ்விடைவெளியை நிரப்புகிறது. கொங்குப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க அமர்த்தப்பட்ட தாழ்த்தப்பட்ட சிறுவரின் உலகம் அந்நாவல். மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய அவர்களின் நுண்ணறிவு எந்த அளவுகோலிலும் மிகுதியே. ஆனால் அவர்களின் உழைப்பின் பயன் வேறொருவரின் கணக்கில் சேர்கிறது. தத்தம் கூற்றில் சிறத்தல் வெற்றி என்றால், கூறே மறுக்கப்பட்டோரின் சிறப்பை எந்தத் துறையில் அடக்குவது? பழைய இலக்கணத்துக்குள் இதற்கு விடையில்லை. விடை தேடும் பொறுப்பை இந்நிலத்தின் தற்கால நாவல் ஏற்றுள்ளது.

முடிவுரை

கொல்லியையும் தகடூரையும் சுட்டும் சங்கப் பாடல்கள் வெற்றியின் ஓசையையும் அதன் எச்சத்தையும் பிரித்து அளந்தன. ஆர்ப்பு களத்தோடு முடிய, கொடையாலும் பிறர் அச்சம் நீக்கியதாலும் பெற்ற இசை நிலைத்தது. நாமக்கல் குடைவரையின் அமைப்பும், 1930ஆம் ஆண்டின் நடைப்பாட்டும், வாணிக வாகையும் இவ்வளவையின் வெவ்வேறு வடிவங்கள். தரவரிசை வெற்றி இம்மரபினின்று விலகியது. பிறப்பின் வழி வகுத்த கூறு இம்மரபின் உள்ளேயே இருந்த குறை. ஒன்றைத் திருத்த மரபு உதவும். மற்றொன்றைத் திருத்த மரபையே திருத்த வேண்டும். ஓரிக்கு விழா எடுக்கும் நிலம், காவலின்றிக் கிடந்த நெற்குவியலையும் தன் வெற்றியின் அளவைகளுள் ஒன்றாகக் கொள்ளுமாயின், அவ்விழா தன் பொருளைப் பெறும்.