அம்புக்குறிகளில் ஒளிந்திருந்த மருந்து

மாகோலாசின் என்ற ஆன்டிபயாடிக் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சாப்பிடும்போது இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று வீட்டில் தடை!

அதன் கதை கோலிஸ்டினில் தொடங்குகிறது. கோலிஸ்டின், வேறெந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காதபோது ஐசியூவில் கடைசியாகப் போடும் மருந்து. அதையும் முடக்கும் எம்சிஆர்-1 மரபணுவைப் பற்றிச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் இதே மருந்தை வாரிக் கொடுத்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு. இந்தியா இப்படிக் கொடுப்பதைத் தடை செய்தது 2019இல்தான்.

அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஷான் பிரேடியின் குழு இதற்கு வழி தேடிய விதம் இருக்கிறதே, அடடா! ஏற்கெனவே வாசித்து வைத்திருந்த 10,000க்கும் மேற்பட்ட பாக்டீரியா ஜீனோம்களைக் கணினியில் சல்லடை போட்டார்கள். கோலிஸ்டின் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பைப் போலவே இருந்து, அங்கங்கே மட்டும் மாறியிருக்கும் தொகுப்பு கிடைக்குமா என்று பார்த்தார்கள்.

இது ஏன் பலிக்கிறது? இந்த மரபணுக்கள் ஜீனோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவை உண்டாக்கும் ராட்சத நொதி, வரிசையாக உட்கார்ந்து மாலை கட்டுகிறவர்களைப் போல. ஒவ்வொருவர் கையிலும் ஒரே வகைப் பூ, அதாவது ஒரு அமினோ அமிலம். யார் கையில் எது என்பதை மரபணுவிலேயே படித்துவிடலாம். கோலிஸ்டினின் பத்து அமினோ அமிலங்களில் மூன்று மாறினால் மாகோலாசின். பாக்டீரியாவை வளர்த்துக் காத்திருக்காமல், படித்த வரிசையைப் பார்த்து ஆய்வகத்திலேயே வேதிமுறையில் செய்துவிட்டார்கள்! எம்சிஆர்-1 உள்ள கிருமிகளையும் அது கொன்றது. அதைச் செம்மைப்படுத்திய வடிவம் எலிகளிலும் வேலை செய்தது. இந்த ஆய்வு 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. மருந்துக்கடைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது, சரி.

படித்ததோடு விட முடியுமா? பெனிபேசில்லஸ் என்ற பாக்டீரியா வகையின் இரண்டு ஜீனோம்களை, இப்படிப்பட்ட மரபணுத் தொகுப்புகளைத் தேடித் தரும் ஆன்டிஸ்மாஷ் மென்பொருளில் ஏற்றினேன். கிடைத்த தொகுப்புகளை, ஒப்பிட்டுப் படம் காட்டும் கிளிங்கரில் போட்டேன். மேலும் கீழும் மரபணுக்கள் வண்ண அம்புகளாக, ஒத்தவற்றுக்கு நடுவே சாம்பல் பட்டைகள். ஒற்றுமை கூடக்கூடப் பட்டை கருக்கிறது. ஆன்டிஸ்மாஷில் நீண்ட அம்பு ஒன்றைச் சொடுக்கினால், நொதியின் எந்தக் கண்ணி எந்த அமினோ அமிலத்தை எடுக்கும் என்ற கணிப்பு வந்து நிற்கிறது. கணிப்புதான், தவறலாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளே, இரண்டு கருவிகளும் இலவசம். என்சிபிஐ தரவுத்தளத்தில் ஜீனோம்கள் கொட்டிக் கிடக்கின்றன. இன்றைக்கே ஒன்றை ஏற்றிப் பாருங்கள்.