சேரிப் பள்ளிக்கூடம்: வாசிக்கப்படாத செய்தி

ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம் பத்திரிகையில் செய்தியாக வருவதற்கு நம்ம நாட்டில் இரண்டே வாசல்தான் இருக்கிறது. ஒன்று, அங்கே ரத்தம் சிந்த வேண்டும். இல்லையென்றால், யாராவது பெரிய மனுஷன் வந்து மாலை போட்டுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் வருஷத்துக்கு இருநூறு நாள் மணி அடிக்கிறது, அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் வருகிறார்கள், வராமல் நின்றுபோகிறார்கள். இது எதுவும் செய்தி கிடையாது. சேரிப் பள்ளிக்கூடம் பற்றி எழுதப்பட்டிருப்பதை எல்லாம் ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எழுதப்பட்டதைவிட எழுதாமல் விட்டதுதான் எனக்கு அதிகமாகப் பட்டது.

முதலில் ரத்தத்தை எடுத்துக்கொள்வோம். 1995-இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில், மற்ற சாதிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்ததற்காக ஆசிரியர் அடித்ததில் ஒரு தலித் சிறுமிக்குக் கண் போனது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சத்துணவு ஆக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியார் பள்ளிக்கூடத்தை மறித்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அந்த அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மாற்றலை ரத்து செய்தார்கள். 2023-இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். கலெக்டர் நேரில் வந்து, உட்கார்ந்து சாப்பிட்டார். போட்டோ வந்தது.

இந்தச் செய்திகளின் வாக்கிய அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வினைச்சொல் எல்லாம் யார் பக்கம் இருக்கிறது? கலெக்டர் ‘வந்தார்’, ‘சாப்பிட்டார்’, ‘எச்சரித்தார்’. ஊர்க்காரர்கள் ‘மறுத்தார்கள்’, பிறகு ‘சமாதானம் ஆனார்கள்’. அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு மட்டும் வினை இல்லை. அவள் ‘பாதிக்கப்பட்டவர்’. விடியறதுக்கு முன்னாடி எழுந்து வந்து பாத்திரம் தேய்த்து, ரவை வறுத்து, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, எவன் சரியாகச் சாப்பிடல, எவளுக்கு நேற்று காய்ச்சல் என்று கணக்கு வைத்திருக்கிற ஒரு மனுஷி, செய்தியில் வெறும் உரிச்சொல்லாக ஆகிப்போகிறாள். பள்ளிக்கூடச் சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே உத்தரவு போட்டது. அவள் அங்கே நிற்பது யார் போட்ட பிச்சையும் இல்லை, உரிமை. அந்த உரிமை செய்தியில் வராது. கலெக்டர் சாப்பிட்ட கவளம்தான் வரும்.

சரி, பத்திரிகைக்காரன் அப்படித்தான் எழுதுவான். நாம் எழுதியது என்ன?

தலித் தன்வரலாறுகளில் பள்ளிக்கூடம் வராத நூல் அனேகமாக இல்லை. அம்பேத்கர் தன் பள்ளிக்கூட அனுபவத்தை எழுதும்போது, வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியாக உட்கார்ந்ததையும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், அவன் வராத நாளில் தாகத்தோடு இருந்ததையும் எழுதினார். பாமாவின் ‘கருக்கு’ (1992) வந்தபோது, தேங்காய் திருடியதாகப் பள்ளிக்கூடத்தில் பழி சுமத்தப்பட்ட அந்தப் பெண்பிள்ளையின் அவமானத்தைத் தமிழ் வாசகர்கள் முதல்முறையாகப் படித்தார்கள். கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) அந்த வரிசையில் வந்தது, தலைப்பே சொல்லிவிடுகிறது. இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ (1997), படிக்கப் போன பையன் கையில் துடைப்பத்தைக் கொடுத்து நாள் கணக்காகப் பள்ளிக்கூடத்தைப் பெருக்கவைத்த ஹெட்மாஸ்டரைக் காட்டியது.

இந்த எழுத்துக்கள் செய்த காரியம் சாதாரணமானது இல்லை. அதுவரைக்கும் தமிழில் பள்ளிக்கூடம் என்றால் என்ன? கணக்கு வாத்தியார், வேப்பமரம், நெல்லிக்காய், இனி வராத பால்யம். மேல்சாதி எழுத்தாளனுக்குப் பள்ளிக்கூடம் ஏக்கம். அந்த ஏக்கத்தின் கழுத்தைப் பிடித்து, வேப்பமரத்தடியில் யார் நின்றான், யார் உட்கார்ந்தான் என்று கேட்டது தலித் எழுத்து. இதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் நம்முடைய வாசிப்பைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ‘ஜூட்டன்’ பற்றிப் பேசுகிற எல்லோரும் துடைப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பையனின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே வந்து, மகன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து, ஹெட்மாஸ்டரை எதிர்த்துச் சத்தம் போட்டாரே, அவரைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்? எழுத்துத் தெரியாத ஒரு மனுஷன் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போனது சின்ன விஷயமா? என்னைக் கேட்டால் அந்த இடத்தின் மையமே அந்த அப்பாதான். நாம் காயத்தை வாசிக்கப் பழகிவிட்டோம். காயத்துக்கு எதிரே வந்து நின்ற தெருவை வாசிக்கப் பழகவில்லை.

இன்னொன்று. இந்தத் தன்வரலாறுகளை எழுதியவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தைக் கடந்து வெளியே போனவர்கள். எழுத வந்ததே அதனால்தான். அஞ்சாவதோடு நின்றவள், பிறகு அதே பள்ளிக்கூடத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தவள், தன் பேரப்பிள்ளையை அங்கேயே கொண்டுவந்து விடுகிறவள், இவளுக்குப் பள்ளிக்கூடம் நினைவு இல்லை. இன்றைக்கும் நடக்கிற வாழ்க்கை. அதை எழுதும் இலக்கிய வடிவம் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

இது வெறும் இலக்கியக் குறை இல்லை. ஏன் என்று சொல்ல, பள்ளிக்கூடத்து போர்டுக்கு வர வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கிழடுகட்டைகள் இன்றைக்கும் சேரிப் பள்ளிக்கூடத்தை ‘லேபர் ஸ்கூல்’ என்றுதான் சொல்லும். எங்க அப்பாவும் லேபர் ஸ்கூல்தான். பொதுப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைச் சேர்க்கவிடாமல் ஊர் தடுத்த காலத்தில் பஞ்சமர் பள்ளிகள் வந்தன. 1894-இல் அடையாறில் ஆல்காட் தொடங்கியது அப்படி ஒன்று. 1920-களில் அரசாங்கத்தின் லேபர் டிபார்ட்மெண்ட் பள்ளிக்கூடங்களை நடத்தியது. 1949-இல் அரிஜன நலத்துறை என்று ஆனது. அப்புறம் ஆதிதிராவிடர் நலத்துறை. பஞ்சமர், லேபர், அரிஜன் - ஒவ்வொரு பெயரும் மேலே இருந்து எவனோ வைத்தது. அரிஜன் என்கிற சொல்லை எதிர்த்து 1938-இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கர் வெளிநடப்பே செய்தார். ஆதிதிராவிடர் என்கிற பெயருக்குக் கதை வேறு. 1922-இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில்தான் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் அது அரசு ஏட்டில் ஏறியது. போர்டில் மாறி மாறி எழுதிய பெயர்களில் நாம் கேட்டு வாங்கியது இது ஒன்றுதான். பள்ளர்களும் அருந்ததியர்களும் இந்தப் பெயருக்குள் தங்களை அடைக்கக் கூடாது என்று சொல்வதும் நியாயமான பேச்சு. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது அந்த போர்டின் மேல் வேறு கை வந்திருக்கிறது. நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைக்கப்போவதாக 2023 மார்ச்சில் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதை ஒட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் போன்ற பெயர்களைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அது சொன்னது. ஒன்றியத்துக்கு ஒரு பொதுச் சமையற்கூடம் வைத்துப் பள்ளிகளுக்குச் சாப்பாடு அனுப்பலாம் என்றும் சொன்னது. 2025-இல் ‘காலனி’ என்கிற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்றார்கள். விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள்.

சந்துரு குழுவின் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. மாற்றுச் சான்றிதழை நீட்டினதும் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்தே பையனின் சாதியைக் கண்டுபிடிக்கிறான் என்றால், அந்தப் பெயர் போகட்டும் என்று நினைக்கிற பிள்ளையின் பக்கம்தான் நானும். சாதிக் கயிறு கட்டக்கூடாது என்று குழு சொன்னதும் சரி. ஆனால் பொதுச் சமையற்கூடத்தை யோசித்துப் பாருங்கள். தலித் பெண் ஆக்கிய சோற்றைத் தின்ன மாட்டேன் என்று ஊர் சொல்கிறது. அதற்கு நாம் சொல்ல வேண்டிய பதில், தின்னுடா என்பது. யார் ஆக்கினது என்றே தெரியாத இடத்தில் ஆக்கி வண்டியில் அனுப்பினால் சண்டை குறையும்தான். சாதி குறையுமா? ஊரும் சேரியும் நேருக்கு நேர் சந்திக்கிற ஒரே அடுப்பு பள்ளிக்கூடத்து அடுப்பு. அதை அணைத்துவிட்டு எதைச் சமத்துவம் என்று சொல்வது?

போர்டும் அப்படித்தான். பெயின்ட் அடிக்க ஒரு நாள் போதும். அந்தப் பெயரோடு கட்டியிருந்த நிதி எங்கே போகும்? வாத்தியார் பணியிடம் என்ன ஆகும்? பிள்ளைகள் குறைவு என்று நாளைக்கு ஊர்ப் பள்ளியோடு சேர்த்தால், ஆறு வயசுப் பிள்ளை எந்தத் தெரு வழியாக நடந்து போகும்? இந்தக் கேள்வியைக் கேட்க நம் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? அந்தப் பள்ளிக்கூடம் அந்தத் தெருவுக்கு என்னவாக இருந்தது என்று எங்கே எழுதிவைத்தோம்? எழுதாத பள்ளிக்கூடத்தை மூடுவது சுலபம். அங்கே அதிகாரி எழுதின கணக்கு மட்டும்தான் இருக்கும். அவன் ‘மாணவர் எண்ணிக்கை குறைவு’ என்று எழுதினால் அதுதான் வரலாறு.

எழுதுவதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. வகுப்பறைக் கரும்பலகையின் மூலையில் தினமும் ‘பதிவு’, ‘வருகை’ என்று இரண்டு எண் போடுவார்கள். பதிவு இருபத்திமூன்று, வருகை பதினாலு. இதைவிடப் பெரிய ஊர்ச் செய்தி வேறு உண்டா? பொங்கல் கழிந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்கு லாரி ஏறிப் போனால் அந்த எண் இறங்கும். கரும்பு வெட்டுக்குப் போனால் இறங்கும். முன்பணம் வாங்கின கடனும், மழை பொய்த்ததும், ஊர்க்காரன் வேலை தராமல் விட்டதும் சாக்பீஸில் எழுதி, சாயங்காலம் அழித்துவிடுகிற எண்ணுக்குள் கிடக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் அப்பாவின் தொழில் என்று எழுதின கட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகப் புரட்டினால் ஒரு சேரியின் சரித்திரம் கிடைக்கும். பார்வையாளர் குறிப்பேட்டில் அதிகாரி என்ன எழுதிவிட்டுப் போனான், சத்துணவு இருப்புப் பதிவேட்டில் முட்டைக் கணக்கு எப்படி நிற்கிறது, எல்லாம் பிரதிதான். பின்நவீனத்துவம் பேசுகிற தோழர்கள் இதையும் கட்டுடைக்கலாம்.

இன்னொரு நோட்டு இருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவரவர் விகிதப்படி இடம் தர வேண்டும். சட்டம் நல்லாத்தான் இருக்கிறது. நான் பார்த்த சில கூட்டங்களில், தீர்மானம் முன்னாடியே எழுதி இருக்கும். அம்மாக்கள் வயல்வேலையை விட்டுவிட்டு ஓடிவருவார்கள். கையெழுத்துப் போட இடம் காட்டுவார்கள். போட்டுவிட்டுப் போவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் படித்துக் காட்டுவதில்லை. குடிதண்ணித் தொட்டியில் பாசி பிடித்திருப்பதைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த பெண்கள், அறைக்குள் போனதும் வாய் மூடிக்கொள்கிறார்கள். நோட்டில் ‘குடிநீர் வசதி திருப்திகரமாக உள்ளது’ என்று அவர்கள் கையெழுத்தோடு இருக்கிறது. இதுவும் இலக்கியம்தான் - நம் பேரில் வேறு எவனோ எழுதுகிற இலக்கியம்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கும் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் தெருப் பள்ளிக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் அதன் செய்தியை எழுதுங்கள். அடிபட்ட நாளை மட்டும் இல்லை, அடிபடாத நாளையும் எழுதுங்கள். சமைக்கிற அம்மா சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். கரும்பலகை எண்ணை அழிப்பதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். குழுக் கூட்டத்தில் கையெழுத்துக்கு முன்னால் தீர்மானத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி நில்லுங்கள். பெயர் மாறட்டும், துறை மாறட்டும், அதற்கு முன் இந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

காலையில் இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை முன்னால் வந்து ‘இன்றைய செய்திகள்’ என்று வாசிக்கிறது. டெல்லியில் இது நடந்தது, கிரிக்கெட்டில் அவன் ஜெயித்தான். நல்லது, வாசிக்கட்டும். அதோடு ஒரே ஒரு வரி, அதன் சொந்தத் தெருவிலிருந்தும் வாசிக்கட்டும். நம்ம பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று.