‘காலாபானி’யும் ‘சிறைச்சாலை’யும்: திரைச்சுவையில் பாலும் குணமும்

ஆடவர் வீரப் படங்களையும் பெண்டிர் கண்ணீர்ப் படங்களையும் விரும்புவர் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. ‘தாய்க்குலத்தின் பேராதரவு பெற்ற படம்’ என்னும் விளம்பரத் தொடரே இதற்குச் சான்றாகும். அந்தமானைக் களமாகக் கொண்ட ஒரு படத்தின்வழி இக்கருத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரியதர்ஷன் இயக்கத்தில் 1996இல் வெளிவந்த ‘காலாபானி’ என்னும் மலையாளப் படம் தமிழில் ‘சிறைச்சாலை’ எனப் பெயர் பெற்றது. போர்ட் பிளேர் செல்லுலார் சிறையில் வதைபடும் கோவர்த்தனனின் கதை ஒருபால்; அவன் வரவை நோக்கியிருக்கும் பார்வதியின் கதை மறுபால். ‘காலாபானி’, அதாவது கரியநீர், என்னும் சொல் நாடுகடத்தலையும், கடல் கடந்தார்க்குச் சாதி அழியும் என்ற நம்பிக்கையையும், மீளாப் பிரிவையும் ஒருங்கே உணர்த்தும். ‘சிறைச்சாலை’ தமிழர்க்கு எளிதில் விளங்கும் பெயரே. எனினும் அது மதிலுக்கு உட்பட்டதையே சுட்டுகிறது. காத்திருப்பவள் தலைப்பிலிருந்து மறைந்துவிடுகிறாள். பெயரை மட்டும் கண்டு ஒருத்தி இப்படத்தைத் தவிர்ப்பின், அதனைப் பெண்ணின் இயல்பான சுவை எனக் கொள்ளலாகாது.

உளவியலார் முடிவுகளும் எச்சரிக்கையுடன் கொள்ளத்தக்கவை. துயரப் படங்களை ஆராய்ந்த மேரி பெத் ஆலிவர் (1993), அவற்றில் பெண்களின் ஈடுபாடு மிகுதி எனக் கண்டார். ரென்ட்ஃபிரோ முதலியோர் (2011), வயது, பால் முதலியவற்றுக்கு அப்பாலும் குணநலன்கள் சுவையோடு தொடர்புடையன எனக் காட்டினர். எனவே பால் ஒன்றே சுவையைத் தீர்மானிப்பதில்லை.

இத்தகைய வினாநிரல்களைத் தமிழாக்குவோர்க்கு ஓர் இடர் உண்டு. அச்சமும் நாணமும் பெண்பாற்குரிய நாற்குணங்களுள் எண்ணப்பட்டவை. ‘நீங்கள் அச்சமுடையவரா?’ என வினவினால், ஆணின் மறுப்பும் பெண்ணின் உடன்பாடும் மரபு கற்பித்த விடைகளாக அமையக்கூடும். ‘அச்சுறுத்தும் காட்சியில் பார்வையை விலக்கியதுண்டா?’ என நிகழ்ச்சியை வினவுதல் நன்று.

இதனைச் சோதிக்க அந்தமான் ஏற்ற களம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கு ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம் பேசுவோரும் உடன் வாழ்கின்றனர். இந்திப் பெயரிலும் ‘காலாபானி’ என்னும் சொல் நிலைத்திருக்க, தமிழில் மட்டும் அது நீங்கியது. இரு பெயர்களையும் தனித்தனிக் குழுவினரிடம் கூறி விருப்பத்தை வினவினால், பாலின் பங்கு எது, பெயரின் பங்கு எது என்பது புலனாகும். அதுவரை, ‘பெண்கள் விரும்பும் படம்’ என்பதை ஆய்வு முடிவாகக் கொள்ளாது, ஆராயப்படவேண்டிய ஒரு வழக்குத் தொடராகவே கொள்ளுதல் தகும்.