கையைக் கடிக்காத ரைபிள்: ரூகர் 10/22

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் போய், அதிகம் செலவில்லாமல் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் ஏஆர்-15 ரகங்களின் பக்கம்தான் விற்பனையாளரின் கை போகும். அதில் தப்பும் இல்லை. 1977இல் மூலக் காப்புரிமை காலாவதியானதும் அந்த வடிவத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. போட்டி கூடியது, விலை இறங்கியது. இன்று 500 டாலருக்கே ஒழுங்காகச் சுடக்கூடிய ஒன்று கிடைக்கும். ஆனால் ரைபிளின் விலையை மட்டும் பார்த்து வாங்குவது, தீவனக் கணக்குப் போடாமல் மாடு பிடிப்பது மாதிரி.

தீவனக் கணக்கைப் போட்டுவிடுவோம். ஏஆர் ரகங்கள் சுடும் 5.56 அல்லது .223 தோட்டா, மலிவான பெட்டியாகத் தேடி வாங்கினாலும் ஒன்றுக்கு அரை டாலர் அளவில் வந்து நிற்கிறது. .22 லாங் ரைபிள் தோட்டா ஏழெட்டு சென்ட். ரேஞ்சில் ஒரு மதியம் பழகினால் 200 தோட்டா சர்வசாதாரணமாகத் தீரும். ஒன்றில் அது 100 டாலர், இன்னொன்றில் 15 டாலர். மாதம் ஒருமுறை போகிறவருக்கு வருடத்தில் 1,200க்கும் 180க்கும் உள்ள வித்தியாசம். இந்த இடைவெளியில் இன்னும் மூன்று ரைபிள் வாங்கிவிடலாம். சுடப் பழகுகிறவருக்கு முதலில் வேண்டியது பயிற்சி, பயிற்சி என்றால் செலவாகும் தோட்டா. பணம் எண்ணிச் செலவழிக்கிறவர் .22இல் தொடங்குவதுதான் சரி. அதிலும் எல்லோரும் சலிக்கச் சலிக்கப் பரிந்துரைக்கும் ரூகர் 10/22 கார்பைனைத்தான் நானும் சொல்லப்போகிறேன். காரணங்கள் மட்டும் கொஞ்சம் வேறு.

ஸ்டர்ம் ரூகர் கம்பெனி இதை 1964இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது விலை 54 டாலர் 50 சென்ட். பணவீக்கத்தைக் கணக்கிட்டால் இன்றைய மதிப்பில் 500 டாலரைத் தாண்டும். இப்போது அடிப்படை மாடல் கடைகளில் 300 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. அறுபது வருடத்தில் நிஜ விலை குறைந்த பொருள் எத்தனை இருக்கும்? அதே கம்பெனி 1961இல் மான் வேட்டைக்காகச் செய்த .44 மேக்னம் கார்பைனின் தம்பி மாதிரிதான் தோற்றம். எழுபது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. இந்த எண்ணிக்கையால் வாங்குகிறவருக்கு ஒரு லாபம் உண்டு: திருகாணியிலிருந்து குழல் வரை எந்த உதிரிபாகமும், ரூகர் செய்ததோ வேறு யாரோ செய்ததோ, எந்த ஊரிலும் கிடைக்கும்.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது எடைதான். சுமார் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ. குழல் பதினெட்டரை அங்குலம். மரக்கட்டை வைத்ததும் உண்டு, கறுப்பு பிளாஸ்டிக் கட்டை வைத்ததும் உண்டு. நான் மரத்தின் கட்சி. மழையில் நனைகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் நல்லது. 10 தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின் கட்டைக்குள்ளேயே அடங்கி, அடிப்பக்கம் துருத்தாமல் நிற்கிறது. ரைபிளை நடுவில் ஒரு கையால் பிடித்துத் தூக்கிப் போகும்போது அதன் அருமை தெரியும்.

உள்ளே நடப்பது எளிமையான 'ப்ளோபேக்' ஏற்பாடு. போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. போல்ட்டின் கனமும் அதன் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கும்தான் தடுப்பு. வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு பின்னால் உந்தும்போது போல்ட் பின்னுக்குப் போய், கூட்டை வெளியே எறிந்து, திரும்பும் வழியில் அடுத்த தோட்டாவை இழுத்துக்கொண்டு வருகிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான். இயங்கும் பாகங்கள் குறைவு, ஆகவே கெடுவதற்கும் குறைவு.

25 யார்டில் பெஞ்சில் வைத்துச் சுட்டால் தோளில் ஏதோ தட்டியது என்கிற அளவுக்குக்கூட உதை இல்லை. முதன்முதலாகச் சுடுகிறவர்களுக்குச் சத்தமும் உதையும்தான் எதிரி. இரண்டுக்கும் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுப்பார்கள். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. இந்த ரைபிளில் அது ஒட்டுவதற்கே இடமில்லை. 50 யார்டில் சாதாரண மொத்தப்பெட்டித் தோட்டாவைப் போட்டு ஒன்றரை, இரண்டு அங்குல வட்டத்துக்குள் குவித்தால் போதும் என்று திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் இந்த விலையில் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்தான் கேட்க வேண்டும்.

இனி குறைகள். தொழிற்சாலையிலிருந்து வரும் விசை கனம், ஏறக்குறைய 6 பவுண்டு. 5 பவுண்டு ரைபிளுக்கு 6 பவுண்டு விசை என்றால் இழுக்கும்போது ரைபிளே கூட வரப் பார்க்கும். பின் சைட் மடக்கும் இலை வகை, முன்னால் ஒரு பொன்னிற மணி. கண்ணாடி போட்ட நாற்பது வயதுக்காரருக்கு இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பது சிரமம். மேகசின் தீர்ந்தால் போல்ட் திறந்து நிற்காது. காலி அறையில் 'டிக்' என்று விசை விழும்போதுதான் தீர்ந்தது தெரிகிறது. இது எரிச்சல் மட்டும் இல்லை, பாதுகாப்பு விஷயமும்கூட. ரேஞ்சில் எல்லோரும் சுடுவதை நிறுத்தச் சொல்லி 'கோல்டு' என்று அறிவித்ததும் போல்ட்டைக் கையால் பின்னிழுத்து, விசைக் காப்புக்கு முன்னால் இருக்கும் சின்னப் பித்தானை அழுத்திப் பூட்டி, அறைக்குள் கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்தப் பித்தானின் தர்க்கம் பழகும்வரை மூன்றாவது கை ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றும்.

சுத்தம் செய்வதிலும் ஒரு முடிச்சு. வழக்கமான கார்பைனில் ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால், துடைக்கும் கம்பியைக் குழலின் வாய் வழியாகத்தான் விட வேண்டும். கம்பி உரசி வாய் விளிம்பு தேய்ந்தால் துல்லியம் போய்விடும். குழலுக்குள் ஒரு கயிற்றை இழுத்து எடுக்கும் வகைத் துடைப்பான் வாங்கிவிடுங்கள், செலவும் குறைவு. பிரிப்பது சுலபம்: காலி என்று உறுதி செய்துவிட்டு, குழல் வளையத்தைத் தளர்த்தி, கட்டையின் ஒரே திருகாணியைக் கழற்றி, சேஃப்டி பித்தானை இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிறுத்தித் தூக்கினால் கட்டை தனியாக வந்துவிடும். அந்த 'நடுவில்' என்பது தெரியாமல் மல்லுக்கட்டுகிறவர்கள் நிறைய.

தோட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். .22 ரிம்ஃபயர் வகை. பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் பரவியிருக்கும். அந்த மருந்து ஓரிடத்தில் விட்டுப்போனால் ஊசி அடித்தும் வெடிக்காது. மலிவான பெட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இது நடக்கத்தான் செய்யும். வெடிக்கவில்லையென்றால் குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் பொறுத்து, பிறகு போல்ட்டை இழுங்கள். இன்னொன்று, போல்ட்டைத் தள்ளும் வேலையைத் தோட்டாவின் உந்துதலே செய்வதால், மெதுவாகப் போகும் சப்சானிக் ரகங்கள் சில நேரம் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் விட்டுவிடும். 40 கிரெய்ன் ஹை வெலாசிட்டி ரகமே போதும். ஒரே பிராண்டில் ஆயிரம் வாங்காமல், நாலைந்து பிராண்டில் சின்னப் பெட்டிகளாக வாங்கிச் சுட்டு, உங்கள் ரைபிளுக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

போட்டியாளர்களில் மார்லின் மாடல் 60தான் மூத்தது, 1960இல் வந்தது, ஒரு கோடிக்கு மேல் விற்றது. குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் தோட்டாக்களை வரிசையாக நிரப்ப வேண்டும். துல்லியத்தில் 10/22க்குச் சளைத்ததல்ல, பின்னாளைய மாடல்களில் கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்தும் நிற்கும். ஆனால் நிரப்பும்போது கை குழல்வாய்ப் பக்கம் போகிறது. முழுதாகக் காலி செய்வதும் நேரம் பிடிக்கும். மார்லினை வைத்திருந்த ரெமிங்டன் 2020இல் திவாலானபோது மார்லினை ரூகரே வாங்கிக்கொண்டது. முதலில் லீவர் ஆக்‌ஷன் ரைபிள்களுக்குத்தான் மறுவாழ்வு கொடுத்தார்கள், ஆகவே மாடல் 60 வேண்டுமென்றால் பழைய சரக்கில் தேடுங்கள். பிரேசிலில் செய்யப்படும் ரோசி ஆர்எஸ்22, 200 டாலருக்குள் முடிந்துவிடும். சுடும், அவ்வளவுதான். மேம்படுத்த உதிரிபாகச் சந்தை கிடையாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி 15-22, ஏஆர்-15 போலவே விசைகளும் பித்தான்களும் வைத்த .22. பின்னால் ஏஆர் வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டு.

10/22இன் பெரிய ஆபத்து உதிரிபாகச் சந்தைதான். 300 டாலர் ரைபிளில் 600 டாலருக்குச் சாமான் மாட்டியவர்களை எந்த ரேஞ்சிலும் பார்க்கலாம். நான் இரண்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்வேன். ஒன்று, பின் சைட்டை எடுத்துவிட்டு, சின்னத் துளை வழியாகப் பார்க்கும் நல்ல பீப் சைட். இன்னொன்று, ரூகரே விற்கும் பிஎக்ஸ் டிரிகர், 2.75 பவுண்டுக்கு விசையைக் குறைத்துவிடும். மலிவு ஸ்கோப் வேண்டாம். மிஞ்சும் பணத்தில் ஒரு தோல் அல்லது நாடா ஸ்லிங் (தோள்வார்) வாங்கி, சுடும் பயிற்சி தரும் புராஜெக்ட் ஆப்பிள்சீட் அமைப்பு நடத்தும் வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய்வாருங்கள். 25 மீட்டரிலேயே, 100 முதல் 400 யார்டு வரை தெரிவது போலச் சுருக்கி வரைந்த இலக்குகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். 250க்கு 210 எடுத்தால் 'ரைஃபிள்மேன்' பட்டை கிடைக்கும். அங்கே வருகிறவர்கள் கையில் அதிகம் தென்படுவதும் ஸ்லிங்கும் பீப் சைட்டும் மாட்டிய 10/22தான்.

அமெரிக்கத் தமிழர்கள் கடைக்குக் கிளம்புமுன் ஒன்று. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது முக்கியமான விதிவிலக்கு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதே கணக்கில் வரும், அதனால்தான் பல இடங்களில் அந்த உரிமத்தைக் கேட்கிறார்கள். பச்சை அட்டை இருந்தால் வாங்கலாம். கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் எல்லோருக்கும் உண்டு, பின்னணிச் சோதனையும் பொதுவாக உண்டு. உங்கள் பெயரில் வாங்கி, பணம் கொடுத்த நண்பரிடம் ஒப்படைப்பது குற்றம். மேகசின் கொள்ளளவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ரூகர் விற்கும் 25 தோட்டா மேகசினை கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் வாங்க முடியாது, அங்கே வரம்பு 10.

பிரிட்டனில் 1987 ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பின் வந்த 1988 சட்டம் சென்டர்ஃபயர் செமி ஆட்டோ ரைபிள்களைத் தடை செய்தது, .22 ரிம்ஃபயரை மட்டும் உரிமத்தோடு அனுமதித்தது. அதை வைத்து .22ஐப் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. 1968இல் ராபர்ட் கென்னடியைக் கொன்றதும், 1981இல் ரேகனின் நுரையீரலுக்குள் போனதும் .22 தோட்டாதான். தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். பின்புற வேலிக்குமேல் தகர டப்பாவை வைத்துச் சுடும் வேலை வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப் பெட்டியின் விலையும் ரைபிள் விலையோடு சேர்ந்ததுதான், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. ரேஞ்சிலிருந்து வந்ததும் சாப்பாட்டைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் கையிலிருக்கும்.

மான் வேட்டைக்கு 10/22 ஆகாது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ரிம்ஃபயரால் மானைச் சுடுவதே சட்டவிரோதம். அணில், முயல் அளவோடு சரி. காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் தேடுகிறவரும் வேறு ரைபிள்தான் பார்க்க வேண்டும்.

பழைய 10/22 வாங்கத் தயங்க வேண்டாம், 1970களில் செய்ததும் இன்று நன்றாகவே ஓடுகிறது. குழல்வாய் விளிம்பில் கீறல் இருக்கிறதா, திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா, மேகசின் ஆடாமல் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். விற்பவர் ஸ்கோப், வண்ணக் கட்டை, நாலு நீள மேகசின் என்று அடுக்கி விலையை ஏற்றினால், அதையெல்லாம் அவரே வைத்துக்கொண்டு வெறும் ரைபிளுக்கு என்ன விலை என்று கேளுங்கள்.