சிலையின் திணை: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

இ. நெஸ்பிட் 1907இல் வெளியிட்ட 'தி என்சான்டட் காசில்' என்னும் ஆங்கிலச் சிறார் புதினத்தில், மந்திர மோதிரத்திற்கு எந்த ஆற்றல் உண்டெனச் சொல்லப்படுகிறதோ அந்த ஆற்றல் அதற்கு வாய்க்கிறது. சொல்லே செயலாகும் இக்கதையில் தோட்டத்துச் சலவைக்கற் சிலைகள் நிலவொளியில் உயிர்பெறுகின்றன. சிறுமி காத்லீனோ, சிலையாக விரும்புவதாகச் சொன்ன அளவிலேயே சிலையாகிறாள்.

இதனைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல் திணை பற்றியது. ஆங்கில வினை திணை காட்டுவதில்லை. தமிழ்ப் படர்க்கை வினைமுற்றோ பெரும்பாலும் காட்டியே தீரும். பேசுவதனால் மட்டும் ஒன்று உயர்திணையாகிவிடாது. விக்கிரமாதித்தன் அரியணையின் 32 பதுமைகளும் கதை சொல்கின்றன. எனினும் 'பதுமை சொல்லிற்று' என்பதே இயல்பான வழக்கு. அவ்வழக்கையே பின்பற்றிப் பீபஸ் தெய்வத்தின் சிலையை இறுதிவரை அஃறிணையில் நிறுத்தினால், அது உயிர்பெறும் கணம் சிறாருக்குப் புலப்படாது. 'சிலை நின்றது', 'பீபஸ் நகைத்தான்' எனத் திணை மாறுமிடமே மாயம் நிகழுமிடமாதல் வேண்டும்.

காத்லீனுக்கு இம்முறை பொருந்தாது. அவள் கல்லான பின்னும் 'இருந்தாள்' என்றே எழுதுதல் தகும். 'இருந்தது' என்னும் ஒரு விகுதி அவளைப் பிணமாக்கிவிடும். நெஸ்பிட் தருவது அச்சமேயன்றி இழப்பன்று.